யூ.எஸ்.பி. மின்னேற்றியின் வரலாறு: எங்கே சிக்கனம் செய்யலாம்?



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவர். இப்பொழுது பாலிடெக்னிக்கில் மின்னியல் பயில்கிறார். தம் இறுதியாண்டுச் செயல்திட்டத்திற்காக ஒரு மின்சுற்றுப் பலகையை அவர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். 100 வாட் திறனுள்ள ஒரு யூ.எஸ்.பி.-சி மின்னேற்றியிலிருந்து மின்சாரத்தைப் பெற்று, ஆறு டேப்லெட் கணினிகளுக்குத் தலா 15 வாட் வீதம் பகிர்ந்தளிக்கும் பலகை அது. வேலை முடிந்ததும் நான்கு பலகைகளை நம் பள்ளிக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பொருட்செலவை நான் ஏற்றுக்கொள்வதாக உடனே வாக்களித்தேன்.

வாக்களித்துவிட்டு உறுப்புகளின் விலைப்பட்டியலைப் பார்த்தபோதுதான் என் கைப்பேனா தானாக வேலை செய்யத் தொடங்கியது. மிளகளவே உள்ள ஒரு சில்லுக்கு ஆறு ரிங்கிட் என்று எழுதியிருந்தது.

"இஃது எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"பாதுகாப்புக்கு, ஐயா. இது இல்லாமலும் பலகை வேலை செய்யும். ஆனால், போடுவது நல்லது என்று தரவுத்தாளில் சொல்லியிருக்கிறார்கள்."

"இல்லாமலே வேலை செய்யும் என்றால் பிறகெதற்கு?" என்று சொல்லி அந்த வரியை அடித்துவிட்டேன். நான்கு பலகைக்கு 24 ரிங்கிட் மிச்சம். ஆசிரியர் சொன்னால் மறுத்துப் பேசாத பிள்ளை அவர். பேசாமல் எடுத்துவிட்டார்.

முதல் பலகை நன்றாகவே வேலை செய்தது. வகுப்பில் வைத்து மூன்றாம் நாள், ஒரு மாணவன் கம்பிவடத்தை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்து உருவினான். 'டிக்' என்று ஒரு சிற்றொலி. இலேசான கருகல் வாடை. அத்தோடு பலகை செத்துவிட்டது. நல்லவேளையாக எவருக்கும் எதுவும் ஆகவில்லை. செலவாகிப் போனது ஒரு பலகையும், ஓர் இளைஞரின் மூன்று வார உழைப்பும்.

நான் அடித்துவிட்ட அந்தச் சில்லு அங்கே ஏன் இருந்தது? இந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்து, யூ.எஸ்.பி. மின்னேற்றத்தின் முப்பதாண்டு வரலாற்றையே படிக்கும்படி ஆயிற்று. நம் வீடுகளில் கைப்பேசியோடு நாள்தோறும் புழங்கும் பொருளின் கதை இது. ஆகையால் உங்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1. கேட்டுப் பெறும் வழக்கம் (1996)

யூ.எஸ்.பி.யின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டி.இ.சி., என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கியது. இன்டெல்லில் இப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் படித்தவர்.

விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகைச் செருகி இருந்த காலம் அது. அவற்றையெல்லாம் ஒன்றாக்குவதே நோக்கமாக இருந்தது. மின்சாரம் கொடுப்பது ஒரு துணை வசதி மட்டுமே. மின்னழுத்தம் 5 வோல்ட். இணைக்கப்பட்ட கருவி முதலில் 100 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுக்கலாம். கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கணினி இசைவு தந்த பிறகுதான் 500 மில்லி ஆம்பியர்வரை எடுக்கலாம். ஆக, உச்ச அளவு 2.5 வாட்.

இங்கே இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். ஒன்று, கேட்டு இசைவு பெற்ற பிறகே மின்சாரத்தை எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு தொடக்கத்திலேயே இருந்தது. மற்றொன்று, பழைய யூ.எஸ்.பி. செருகியை ஒரு பக்கமாக மட்டுமே செருக முடியும். நாம் அனைவரும் மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்துச் சலித்திருப்போம். இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் கம்பிகளும் மின்சுற்றும் இரட்டிப்பாகிச் செலவு கூடியிருக்கும் என்பதால் அவ்வாறு செய்யவில்லை என அஜய் பட் பிற்காலத்தில் விளக்கினார். அந்தச் சிக்கனத்தால் நமக்குச் சற்றே எரிச்சல் வந்தது. வேறு தீங்கு ஏதும் நேரவில்லை. விலை குறைவாக இருந்ததால்தான் யூ.எஸ்.பி. உலகெங்கும் பரவவும் முடிந்தது. எனவே, சிக்கனம் எல்லா இடத்திலும் தவறன்று.

2. ஆளுக்கொரு செருகி (2000 முதல் 2010 வரை)

2000-ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் அறையில் மின்னேற்றி கடன் கேட்டவர்களுக்கு அந்நாள் நிலைமை நினைவிருக்கும். "உங்களிடம் நோக்கியா சின்ன ஊசியா, பெரிய ஊசியா?" என்பதுதான் முதல் கேள்வி. கைப்பேசி மாறினால் மின்னேற்றியும் குப்பைக்குப் போகும்.

இதைச் சீர்ப்படுத்த முதலில் முனைந்த நாடுகளுள் சீனா ஒன்று. கைப்பேசி மின்னேற்றிகளில் யூ.எஸ்.பி. செருகுவாய் இருக்க வேண்டும் என்ற தரத்தை அந்நாடு 2006 திசம்பரில் வெளியிட்டது. 2009-இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் முன்னணிக் கைப்பேசி நிறுவனங்கள் மைக்ரோ யூ.எஸ்.பி.யைப் பொதுச் செருகியாக ஏற்கும் புரிந்துணர்வில் கையொப்பமிட்டன.

ஆனால், ஒரு புதுச் சிக்கல் தோன்றியது. சுவரில் செருகும் மின்னேற்றிக்குள் கணினி இல்லையே! கைப்பேசி யாரிடம் இசைவு கேட்பது? ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அடையாள முறையை வகுத்துக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் தரவுக் கம்பிகளில் சில மின்தடையங்களை வைத்துக் குறிப்பிட்ட மின்னழுத்தங்களைக் காட்டியது. இறுதியில் பொது விதி ஒன்று வந்தது. மின்னேற்றிக்குள் இரு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். கைப்பேசி அதைக் கண்டால் 'இது கணினியன்று, மின்னேற்றி' என்று அறிந்துகொள்ளும். 2010 திசம்பரில் வெளியான 1.2-ஆம் பதிப்பின்படி 1.5 ஆம்பியர்வரை எடுக்க வழி பிறந்தது. அஃதாவது 7.5 வாட்.

3. மின்னழுத்தத்தை ஏன் உயர்த்தினார்கள்?

திறன்பேசிகளும் டேப்லெட்டுகளும் பெருகியபோது 7.5 வாட் போதவில்லை. மடிக்கணினிக்கு 60 வாட், 100 வாட் தேவை. இங்கே நம் பள்ளி அறிவியல் கைகொடுக்கிறது.

மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 5 வோல்ட்டிலேயே 100 வாட் வேண்டுமானால் 20 ஆம்பியர் ஓட வேண்டும். 20 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 5 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கம்பிவடத்தின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் ஓடினால் 40 வாட் வெப்பம், கம்பி உருகிவிடும். 5 ஆம்பியர் ஓடினால் 2.5 வாட் மட்டுமே. நெடுஞ்சாலை ஓரங்களில் நாம் காணும் உயர்ந்த கோபுரங்களில் 275 கிலோவோல்ட், 500 கிலோவோல்ட் என்று மின்சாரத்தை அனுப்புவதும் இதே காரணத்தால்தான்.

2012-இல் வெளியான யூ.எஸ்.பி. மின்வழங்கல் வரையறை 20 வோல்ட், 5 ஆம்பியர், 100 வாட் என்ற எல்லையைத் தொட்டது. 2014 ஆகஸ்டில் யூ.எஸ்.பி.-சி செருகியின் வரையறையும், மின்வழங்கல் வரையறையின் இரண்டாம் பதிப்பும் வந்தன. 2015-இல் ஆப்பிளின் புதிய மேக்புக்கும் கூகுளின் குரோம்புக் பிக்சலும் இச்செருகியோடு விற்பனைக்கு வந்தன.

மின்னழுத்தம் உயர்ந்ததும் பழைய மெத்தனத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 5 வோல்ட்டை மட்டும் தாங்கும் கைப்பேசிக்கு 20 வோல்ட் கொடுத்தால் என்னாகும்? ஆகவே, கேட்ட பிறகே கொடுக்கும் பழைய ஒழுங்கை மீண்டும் கடுமையாக நிலைநிறுத்த வேண்டியதாயிற்று.

4. 24 தொடுமுனைகளும் ஒரு சிறு மின்தடையமும்

யூ.எஸ்.பி.-சி செருகுவாய்க்குள் 24 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் சி.சி.1, சி.சி.2 எனப்படும் இரண்டும் உரையாடலுக்கென ஒதுக்கப்பட்டவை.

பொருத்தமான கருவி ஒன்று இணையும்வரை மின்னேற்றி எந்த மின்சாரத்தையும் வெளியிடாது. மின்சாரத்தைப் பெறும் கருவி, சி.சி. முனைகள் ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் மின்தடையத்தை வைத்திருக்க வேண்டும். அதைக் கண்ட பின்னரே மின்னேற்றி 5 வோல்ட் தரும். பிறகு இரண்டும் சி.சி. கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் உள்ளன" என்று மின்னேற்றி பட்டியலிடும். "எனக்கு 20 வோல்ட் வேண்டும்" என்று கருவி கேட்கும். மின்னேற்றி ஒப்புக்கொண்டால்தான் அழுத்தம் உயரும். 3 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டுமானால், கம்பிவடத்துக்குள் இருக்கும் சிறு அடையாளச் சில்லு, "என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்" என்று சான்று கூற வேண்டும்.

எவ்வளவு அழகான ஒழுங்கு! ஆயினும், சில காசு பெறுமானமுள்ள மின்தடையம் தவறாகிப்போனால் இவ்வளவும் குலைந்துவிடும் என்பதை இரு நிகழ்வுகள் காட்டின.

முதலாவது, 2015-இல் நடந்தது. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங், அமேசானில் விற்கப்பட்ட யூ.எஸ்.பி.-சி கம்பிவடங்களைத் தாமே வாங்கிச் சோதித்து, முடிவுகளை வெளியிடத் தொடங்கினார். ஒரு முனையில் பழைய செருகியும் மறுமுனையில் சி செருகியும் உள்ள வடங்களில் 56 கிலோ ஓம் மின்தடையம் இருக்க வேண்டும். பல வடங்களில் 10 கிலோ ஓம் இருந்தது. 10 கிலோ ஓமுக்கு "3 ஆம்பியர் தாராளமாக எடுத்துக்கொள்" என்று பொருள். அதை நம்பிக் கைப்பேசி 3 ஆம்பியரை இழுத்தால், மறுமுனையில் இருக்கும் பழைய கணினியோ மின்னேற்றியோ திணறும். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு வடத்தில் மின்கம்பியும் தரைக்கம்பியுமே இடம் மாறியிருந்தன. அவருடைய மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் பழுதாயின. அடுத்த மாதமே, வரையறைக்கு இணங்காத யூ.எஸ்.பி.-சி வடங்களை விற்கக்கூடாது என்று அமேசான் தடைவிதித்தது.

இரண்டாவது, பள்ளிகளில் பலரும் அறிந்த ராஸ்பெரி பை 4 பற்றியது. 2019 ஜூனில் அது வெளியானது. சி.சி. முனைகள் இரண்டுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் வைக்க வேண்டிய இடத்தில், இரண்டையும் இணைத்து ஒரே மின்தடையத்தை வைத்திருந்தார்கள். எளிய வடங்களோடு அது நன்றாகவே இயங்கியது. அடையாளச் சில்லுள்ள தரமான வடத்தைச் செருகியபோதோ மின்சாரம் வரவில்லை. அந்த வடத்தில் ஏறத்தாழ 1 கிலோ ஓம் தடை ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்தபோது, மின்னேற்றியின் கண்ணுக்கு அந்தப் பலகை ஓர் ஒலிக்கருவியைப் போலத் தோன்றியது. ஒலிக்கருவிக்கு எதற்கு மின்சாரம் என்று அது வாளாவிருந்துவிட்டது. நிறுவனத்தின் எபன் அப்டன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பின்னர் வந்த பலகைகளில் அது திருத்தப்பட்டது.

இந்த இரு தவறுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பையின் தவறு கருவியை இயங்கவிடாமல் செய்தது, ஆபத்து இல்லை. வடத்தின் தவறோ கருவிகளை எரித்தது. உறுப்பு ஒன்று கெட்டாலோ குறைந்தாலோ மின்சாரம் நிற்குமா, கட்டுமீறிப் பாயுமா என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதுதான் வடிவமைப்பாளரின் முதற்கடமை என்று எனக்குப் புரிந்தது.

5. நான் அடித்துவிட்ட ஆறு ரிங்கிட்

இனி எங்கள் பலகைக்கு வருவோம்.

செருகுவாயில் ஒரு தொடுமுனையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தொலைவு 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. 20 வோல்ட் ஓடும் முனைக்கு ஒட்டினாற்போல் சி.சி. முனை அமைந்திருக்கிறது. வடத்தைப் பக்கவாட்டில் சாய்த்து இழுக்கும்போதோ, செருகுவாயில் ஈரமோ உலோகத் துகளோ சேரும்போதோ, ஒரு கணம் இரண்டும் தொட்டுக்கொள்ளக்கூடும். உரையாடலை நடத்தும் கட்டுப்பாட்டுச் சில்லுகள் பலவற்றில் சி.சி. கால்கள் 5, 6 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. 20 வோல்ட் பட்டால் உடனே கருகிவிடும்.

அதைத் தடுக்கவே அந்த ஆறு ரிங்கிட் சில்லு. சி.சி. கம்பியில் மிகையழுத்தம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகமிக விரைவாகத் தொடர்பைத் துண்டித்து, பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைக் காக்கும். என் மாணவர் பல்மானியால் சோதித்துப் பார்த்தபோது, சி.சி. முனைக்கும் தரைக்கும் இடையே தடை ஏறக்குறைய சுழியமாக இருந்தது. உரையாடும் வாய் கருகிப்போனதால் மின்னேற்றியும் மின்சாரத்தை நிறுத்திக்கொண்டது. அந்த மட்டில் யூ.எஸ்.பி.-சி வரையறை எங்களைக் காப்பாற்றியது.

'இல்லாமலே வேலை செய்யும்' என்று நான் சொன்னது உண்மைதான். மேசைமேல் பொறியாளர் ஒருவர் கவனமாகச் செருகி எடுக்கும்வரை வேலை செய்யும். ஒன்பது வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் நாள்தோறும் இழுக்கும் வகுப்பறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வகுப்பறையை நன்கறிந்தவன் நான்; மின்னியலை அறிந்தவர் அவர். அறிந்ததை நான் அவரிடம் சொல்லாமல், அறியாததில் போய்த் தலையிட்டேன்.

6. உறுப்புகளை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

இரண்டாம் பலகைக்காக நாங்கள் இருவரும் பட்டியலை வரிவரியாகப் படித்தோம். இம்முறை கேள்வி கேட்பது மட்டுமே என் வேலை. நான் கற்றவற்றுள் சில:

அ) பீங்கான் மின்தேக்கி. 25 வோல்ட், 10 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் 20 வோல்ட்டுக்குப் போதும் என்றே எண்ணினேன். ஆனால், இவ்வகைச் சிறிய மின்தேக்கியில் மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவு சுருங்குகிறது. 20 வோல்ட்டில் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். ஆகவே 35 அல்லது 50 வோல்ட் தாங்கும், சற்றுப் பெரிய அளவுள்ளதைத் தெரிவு செய்கிறார்கள். அதற்காக அள்ளிப் போட்டுவிடவும் முடியாது. செருகிய கணத்தில் திடீர் மின்னோட்டம் பாயாதிருக்க, செருகுவாயருகே 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் கூடாது என்பது யூ.எஸ்.பி.யின் பழைய விதி. மற்றவற்றை, மின்சாரம் உறுதியான பிறகு திறக்கும் ஒரு மின்வாயிலுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

ஆ) மின்பகுளி மின்தேக்கி. உருளை வடிவில் இருப்பது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, மின்பகுளிக் கலவையில் இருந்த குறையால் கணினித் தாய்ப்பலகைகளில் இவை உப்பி வெடித்த கதை மின்னியல் உலகில் பெயர்பெற்றது. பள்ளிக் கணினிக்கூடங்களைப் பராமரித்த ஆசிரியர்கள் சிலர் கண்ணாலேயே கண்டிருப்பீர்கள். வெப்பம் 10 பாகை குறைந்தால் இதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்றால், 65 பாகையில் சுமார் 32,000 மணி நேரம். எனவே, வெப்பம் தரும் உறுப்புகளிலிருந்து இதைத் தள்ளி வைக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை; சிந்தனை மட்டுமே செலவு.

இ) மாஸ்ஃபெட் எனும் மின்வாயில். திறந்திருக்கும்போதும் இதற்குச் சிறு தடை உண்டு. 50 மில்லி ஓம் என்றால் 5 ஆம்பியரில் 1.25 வாட் வெப்பம். 10 மில்லி ஓம் என்றால் 0.25 வாட். நகத்தளவே உள்ள உறுப்பில் 1.25 வாட் என்பது விரலைச் சுடும் சூடு. இங்கே விலையுயர்ந்த உறுப்பை வாங்கினால் வெப்பத்தகட்டின் செலவு மிச்சமாகிறது.

ஈ) மின்தூண்டி. 20 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் இடத்தில் இருப்பது. சராசரியாக 3 ஆம்பியர் ஓடினாலும் உச்சத்தில் அதற்கு மேல் போகும். அளவு சிறியதை வாங்கினால் அதன் காந்த உள்ளகம் நிறைவடைந்து, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆகவே, உச்ச மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் இடம்விட்டு வாங்க வேண்டும்.

உ) உருகி. ஒவ்வொரு வழிக்கும் ஒன்று. பலகையின் ஆயுள் முழுவதும் இதற்கு வேலையே வராமல் போகலாம். வரக்கூடாது என்பதே நம் வேண்டுதல்.

இந்த வரிசையில் 2021 மே மாதம் இன்னொரு படி ஏறியது. மின்வழங்கல் வரையறையின் 3.1-ஆம் பதிப்பு 28, 36, 48 வோல்ட்டைச் சேர்த்து, உச்ச அளவை 240 வாட்டாக உயர்த்தியது. மின்னோட்டம் அதே 5 ஆம்பியர்தான். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதைத் தொடுபாதுகாப்புள்ள எல்லையாகத் தரவிதிகள் கொள்கின்றன. 48 வோல்ட் அதற்குள் அடங்கும். ஆனால், 20 வோல்ட்டுக்கென வாங்கிய 30 வோல்ட் உறுப்புகள் எவையும் அங்கே பயன்படா. கருவி இடைவிடாமல் "நான் இருக்கிறேன்" என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் மின்னேற்றி உயரழுத்தத்தைத் தொடராது. கேட்டுப் பெறும் ஒழுங்கு, இங்கே கேட்டுக்கொண்டே இருக்கும் ஒழுங்காயிற்று.

7. சுவர்ப்பக்கம்

எங்கள் பலகையில் சுவர் மின்சாரம் நேராக வரவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் மின்னேற்றிக்குள்தான் 230 வோல்ட் இருக்கிறது. பெற்றோர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே.

மின்னேற்றிக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சுவர்ப்பக்கம், மற்றொன்று நம் கை படும் பக்கம். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு இருக்கக்கூடாது. மின்மாற்றியின் காந்தப்புலம் வழியாகவே ஆற்றல் கடக்கும். கட்டுப்பாட்டுச் செய்தி பெரும்பாலும் ஒளி வழியாகக் கடக்கும். இரு பகுதிகளுக்கும் நடுவே பலகையில் சில மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டாக வேண்டும். போலி மின்னேற்றிகளில் முதலில் காணாமல் போவது இந்த இடைவெளியும், மின்மாற்றிக்குள் சுற்றும் காப்புத்தாளும், பாதுகாப்பு மின்தேக்கியும்தான். அவை இல்லாவிட்டாலும் கைப்பேசி மின்னேறும் அல்லவா? நான் அந்த வரியை அடித்ததும் இதே எண்ணத்தில்தானே! போலிகள் பற்றிய கவலைக்குரிய செய்திகளைத் தொடர்ந்து, 2013 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம், ஐயத்துக்குரிய மின்னேற்றிகளைப் பெற்றுக்கொண்டு குறைந்த விலையில் அசல் மின்னேற்றி தரும் திட்டத்தையே அறிவித்தது.

சிறிய மின்னேற்றி என்றால் போலி என்றும் எண்ணிவிட வேண்டாம். 2018-க்குப் பிறகு கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் கொண்ட மின்னேற்றிகள் கடைகளுக்கு வந்தன. நீல ஒளியுமிழ் இருமுனையத்தைத் தந்து, அதை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோருக்கு 2014-இன் இயற்பியல் நோபல் பரிசைத் தேடித் தந்த அதே பொருள்தான் இது. சிலிக்கனைவிட விரைவாகவும் குறைந்த இழப்போடும் திறந்து மூடுவதால் மின்மாற்றியைச் சிறிதாக்க முடிகிறது. பாதுகாப்பைக் குறைக்காமல் அளவைக் குறைத்த நேர்மையான சிக்கனம் இது.

பொதுச்செருகி முயற்சியும் இதற்கிடையில் சட்டமாயிற்று. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய சட்டம், கைப்பேசி, டேப்லெட் முதலியவற்றுக்கு 28 திசம்பர் 2024 முதலும், மடிக்கணினிகளுக்கு 28 ஏப்ரல் 2026 முதலும் யூ.எஸ்.பி.-சி செருகியைக் கட்டாயமாக்கியது. 2023-இல் ஐபோன் 15 இச்செருகிக்கு மாறியது. வீட்டில் ஒரே மின்னேற்றியை அப்பா, அம்மா, பிள்ளைகள் அனைவரும் பயன்படுத்தும் காலம் வந்துவிட்டது. ஆகவே, அந்த ஒன்று நல்லதாக இருக்க வேண்டும்.

8. பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

மின்னேற்றியின் நிறம், வடிவம், கூடுதல் செருகுவாய்கள், வேகம் ஆகியவற்றில் தாராளமாகச் சிக்கனம் செய்யுங்கள். பிள்ளையின் கைப்பேசிக்கு 100 வாட் தேவையில்லை. வேகம் குறைந்தால் சற்று நேரம் கூடும், அவ்வளவே. ஆனால், மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் இல்லாத மின்னேற்றியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 60 வாட்டுக்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் அல்லது 100 வாட், 240 வாட் என்று குறிப்பிட்டுள்ள வடத்தையே வாங்குங்கள். செருகியை நேராகப் பிடித்து எடுக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். முனை கருகிய, தளர்ந்த வடத்தை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாமல் தூக்கியெறியுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் செயல்திட்டம் செய்யும் மாணவரிடம், "இது வேலை செய்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம். "இதைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். என் மாணவருக்கு அந்த இரண்டாம் கேள்வி தெரிந்திருந்தது. அதற்குரிய விடையையும் ஆறு ரிங்கிட்டில் எழுதி வைத்திருந்தார். அதை அடித்தது ஆசிரியராகிய நான்.

இரண்டாம் பலகை அந்தச் சில்லோடும், செருகுவாயை இறுகப் பிடிக்கும் உலோகக் கூட்டோடும், ஆறு உருகிகளோடும் தயாரானது. பள்ளிக்குக் கொண்டுவருவதற்கு முன் அவர் வீட்டு மேசையில் நாங்கள் இருவரும் வடத்தைச் சாய்த்துச் சாய்த்து ஐம்பது முறை இழுத்துப் பார்த்தோம். பலகை இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற மூன்றும் இந்தத் தவணைக்குள் வந்துவிடும்.

பட்டியலின் கடைசித் தாளில் என் பேனாக்கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் அவர் கையெழுத்தில், 'மீண்டும் சேர்க்கப்பட்டது' என்று சிறிதாக எழுதியிருக்கிறார். அந்தத் தாளை அவரிடம் கேட்டு வாங்கி, என் பாடநூலுக்குள் வைத்திருக்கிறேன்.